பத்திரமும் வேரும்

அமெரிக்க நாட்டுப் பிட்ஸ்பர்க் நகரின் பழைய வரைபடம் ஒன்றையும் புதிய வரைபடம் ஒன்றையும் அருகருகே விரித்து வைத்துப் பார்த்தால், முன்னதில் உள்ள தெருக்கள் பல பின்னதில் இல்லை என்பது கண்ணில் படும். நிலநடுக்கம் அவற்றை விழுங்கவில்லை. ஆறு பெருகி அடித்துச் செல்லவில்லை. ஆன்றோர் எனப்பட்டோர் அவையிற் கூடினர், பேசினர், ஒப்பமிட்டனர், இடிக்கும் பொறிகளை ஏவினர். தெருக்கள் மறைந்தன. அங்கே வாழ்ந்தவர்களுள் பெரும்பாலோர் கருப்பின மக்கள்.

ஹில் டிஸ்ட்ரிக்ட் என்பது அப்பகுதியின் பெயர். குன்றுப் பேட்டை என்று நாம் சொல்லிக் கொள்ளலாம். 1956இல் அதன் கீழ்ப்பகுதியில் இடிப்பு தொடங்கிற்று. 95 ஏக்கர் நிலம். ஏறத்தாழ 1,300 கட்டடங்கள். 400க்கு மேற்பட்ட கடை கண்ணிகள். 8,000க்கு மேற்பட்ட மக்கள். அத்தனையும் அகற்றப்பட்ட இடத்தில் 1961இல் எழுந்தது ஒரு பெரிய அரங்கம். இசை நாடகம் காண வருவோர் விண்மீனையும் காணட்டும் என்று, திறந்து மூடும் எஃகுக் கூரை அதற்கு! உலகமே வியந்ததாம். ஏழையின் கூரையைப் பிடுங்கி எறிந்த இடத்தில், செல்வர் விரும்பும்போது விலகி நிற்கும் கூரை. அந்த வியப்பும் ஐம்பது ஆண்டுகளே நீடித்தது. 2012க்குள் அரங்கமும் இடித்து அகற்றப்பட்டது. 1808இல் தோன்றிய பெத்தேல் என்னும் கருப்பினத் திருச்சபையின் கட்டடமும் அன்றைய இடிப்பில் வீழ்ந்த ஒன்று. அச்சபைக்கு ஒன்றரை ஏக்கர் நிலம் தர இசைவு பிறந்ததோ 2023இல். அதற்குள் இரண்டு தலைமுறை கழிந்துவிட்டது.

இடிப்பதற்கு அவர்கள் கண்டுபிடித்த சொல்லைக் கவனிக்க வேண்டும். 'பிளைட்' பிடித்த பகுதி என்றார்கள். பயிரைத் தாக்கும் நோய்க்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல் அது. நோய் பிடித்த பயிரை வேரோடு பிடுங்குவதில் பிழை என்ன என்று கேட்பதற்கு வசதியான சொல்! ஆனால் அந்த நோயைக் கொண்டு வந்து வைத்தவர் யார்? 1930களில் வங்கிக் கடனுக்காக வரையப்பட்ட நகரப் படங்களில் கருப்பர் வாழும் பகுதிகளைச் சிவப்பு வண்ணத்தால் அடைத்தார்கள். சிவப்புக்குள் இருப்பவனுக்குக் கடன் இல்லை. கடன் இல்லாதவன் வீட்டைச் செப்பனிட முடியவில்லை. செப்பனிடாத வீடு ஒழுகிற்று, சாய்ந்தது. சாய்ந்த வீட்டைக் கண்டு, 'பாருங்கள், நோய்!' என்றார்கள். நோயைத் தந்தவனே மருத்துவனாகவும் வந்து, நோயாளியின் கணக்கை முடித்த கதை இது. குன்றில் வாழ்ந்தோரில் பலர் வாடகைக் குடியினர். இருபது, முப்பது ஆண்டுகள் வாடகை கொடுத்திருப்பார்கள். ஆனால் எந்தப் பத்திரத்திலும் அவர்கள் பெயர் இல்லை. பெயர் இல்லாதவருக்கு வேர் இல்லை என்பது அலுவலகத்தின் தீர்ப்பு.

வேர் இல்லையா? 1843இல் மார்ட்டின் டெலனி என்னும் கருப்பினத்தவர் பிட்ஸ்பர்க்கில் செய்தித்தாள் தொடங்கிவிட்டார். அடிமை முறை ஒழிய இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்த காலம் அது. 1850இல், தப்பியோடிய அடிமையைப் பிடித்துத் தரும் சட்டம் வந்தபோது, அந்நகரிலிருந்து கனடாவுக்கு நடந்தவர்கள் நூற்றுக்கணக்கானோர். பிறகு எஃகு ஆலைகள் தென்னாட்டுக் கருப்பரை ஈர்த்தன. இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் குன்றின் வைலி அவென்யூ, இசைக்கும் விளையாட்டுக்கும் இதழியலுக்கும் இருப்பிடம். 'பிட்ஸ்பர்க் கூரியர்' நாடெங்கும் படிக்கப்பட்ட கருப்பின ஏடு. டீனி ஹாரிஸ் என்ற ஒளிப்படக் கலைஞர் விட்டுச் சென்ற படங்கள் ஏறத்தாழ 80,000. திருமணம், தேர்தல், பள்ளி, பந்தாட்டம் எல்லாம் அவற்றில் உண்டு. நோய் பிடித்த பயிரின் படங்களா அவை?

இந்தக் குன்றைத்தான் ஆகஸ்ட் வில்சன் மேடை ஏற்றினார். இருபதாம் நூற்றாண்டின் பத்தாண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு நாடகம் என்று பத்து நாடகங்கள். ஒன்று சிகாகோவில் நிகழ்வது. மற்ற ஒன்பதும் குன்றுப் பேட்டையில். இவற்றுள் இரண்டு புலிட்சர் பரிசு பெற்றவை. 'வேலிகள்' 1987இல், 'பியானோப் பாடம்' 1990இல். பரிசுகளைக் கண்டு பாராட்டுவோர் பலர். நாம் பார்க்க விரும்புவது வேறு. ஒன்பது நாடகங்களிலும் ஏதோ ஒரு தாள் மேடைக்கு வந்து நிற்கிறது, அல்லது மேடைக்குப் பின்னால் நின்று மிரட்டுகிறது. பத்திரம், அடிமை விற்பனைச் சீட்டு, இடிப்பு அறிவிப்பு. வில்சன் அந்தத் தாள்களோடுதான் வழக்காடுகிறார்.

அவருக்கு அதற்குரிய காரணம் உண்டு. 1945இல் குன்றில், ஒரு மளிகைக் கடையின் பின்கட்டில் பிறந்தவர். தந்தை ஜெர்மானியர், ரொட்டிச் செய்பவர், வீட்டில் தங்காதவர். தாய் டெய்சி வில்சன் கருப்பினப் பெண்மணி. பிறர் வீடுகளைத் துப்புரவு செய்து ஆறு பிள்ளைகளை வளர்த்தவர். மகன் பின்னாளில் தந்தை பெயரைத் துறந்து தாய் பெயரை ஏற்றுக் கொண்டார். பதினைந்து வயதில் அவர் நெப்போலியனைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதிக் கொண்டு பள்ளிக்குச் சென்றார். ஆசிரியர் நம்பவில்லை. கருப்புப் பையன் இவ்வளவு நன்றாக எழுத முடியுமா? திருடியது என்றார். அந்தத் தாளைக் கிழித்தெறிந்துவிட்டுப் பள்ளியை விட்டு வெளியேறியவர் மீண்டும் அதன் படியை மிதிக்கவில்லை. அடுத்த சில நாட்கள், தலைமையாசிரியர் அறையின் சன்னலுக்குக் கீழே பந்து விளையாடிக் கொண்டிருந்தாராம், யாரேனும் வந்து ஏன் வகுப்பில் இல்லை என்று கேட்பார்களா என்று. கேட்கவில்லை. தாய்க்குத் தெரியாமல் நாள்தோறும் நூலகத்துக்குச் சென்று படித்தார். அந்த நூலகமே பின்னாளில் அவருக்குப் பள்ளி இறுதிச் சான்றிதழ் வழங்கிற்று!

வகுப்பறையில் நிற்பவர் என்ற முறையில் இந்த நிகழ்ச்சியை நாம் எளிதில் கடந்து போக முடியவில்லை. ஒரு நகராட்சி மன்றம் எண்ணாயிரம் பேரை வெளியேற்றியது பெரிய கொடுமை. ஒரு மாணவனை ஐயம் என்னும் ஒற்றைச் சொல்லால் வெளியேற்றியது சிறிய கொடுமை. அளவு வேறு, அடிப்படை ஒன்றே. உன் கையில் இருப்பது உன்னுடையது அன்று என்பதுதான் இரண்டிலும் சொல்லப்பட்டது.

இனி நாடகங்களுக்கு வருவோம். எல்லாவற்றையும் பேச இடம் இல்லை. 'வேலிகள்' திரைப்படமாகவும் வந்து பலரும் அறிந்தது. அதில் ஒரு செய்தியை மட்டும் சுட்டிச் செல்கிறோம். டிராய் மேக்சன் என்ற குப்பை வண்டித் தொழிலாளியின் வீடு எப்படி வந்தது? போரில் தலை பிளந்து, மண்டையில் தகடு பொருத்தப்பட்டுத் திரும்பிய தம்பிக்கு அரசு கொடுத்த 3,000 டாலரால் வந்தது. தன் உழைப்பால் வாங்க முடியாத வீட்டைத் தம்பியின் மண்டைக்குக் கிடைத்த விலையால் வாங்கினேனே என்று அவன் உள்ளம் அரிக்கப்படுகிறது. வேர் ஊன்ற நிலம் கிடைத்ததற்குக் கொடுத்த விலை அது.

நம் கருத்தில், பத்தினுள்ளும் தலைசிறந்தது 'ஓடும் இரு ரயில்கள்'. காலம் 1969. மார்ட்டின் லூதர் கிங் கொலையுண்டு, குன்று பற்றி எரிந்து ஓராண்டு ஆன பின். அரங்கு ஒரு சிறிய உணவுக்கடை. உரிமையாளன் மெம்ஃபிஸ். நகராட்சி அந்தக் கட்டடத்தை எடுத்துக் கொள்ளப் போகிறது. தெருவில் கடைகள் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன. ஆள் வரவு குறைகிறது. மிஞ்சியவர்கள் அங்கே உட்கார்ந்து காப்பி குடித்துப் பேசுகிறார்கள். கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பேச்சுதான் கதை.

மெம்ஃபிஸ் ஒரு தொகையைச் சொல்லி, அதற்கு ஒரு காசு குறைந்தாலும் கொடுக்க மாட்டேன் என்று நிற்கிறான். 25,000 டாலர். ஏன் இந்தப் பிடிவாதம்? முன்பு மிசிசிப்பியில் அவனிடம் நிலம் இருந்தது. நிலத்தில் தண்ணீர் கண்டால் விற்பனை செல்லாது என்று பத்திரத்தில் ஒரு வரி ஒளிந்திருந்தது. தண்ணீர் கண்டான், நிலம் போயிற்று. எதிர்த்து நின்றான், அவனுடைய கழுதையைக் கிழித்துக் கொன்றார்கள், பயிரைக் கொளுத்தினார்கள். வடக்கே ஓடி வந்தவன், இங்கும் பத்திரத்தில் ஒரு வரியைக் காண்கிறான்: நகராட்சி தனக்கு வேண்டும்போது, தான் விரும்பும் விலைக்கு எடுத்துக் கொள்ளலாம்! தெற்கே துப்பாக்கியோடு வந்தவன், வடக்கே பேனாவோடு வருகிறான். ஆனால் இம்முறை மெம்ஃபிஸ் ஓடவில்லை. மன்றத்தில் நின்று வாதாடுகிறான். முடிவில் நகராட்சி 35,000 டாலர் தருகிறது.

வெற்றிதானே என்று கைதட்டத் தோன்றும். வில்சன் கைதட்ட விடவில்லை. ஏனெனில் அந்தக் கடையில் ஹாம்போன் என்றொருவன் இருந்தான். இறைச்சிக் கடைக்காரன் லட்ஸ் என்ற வெள்ளையனின் வேலிக்கு வண்ணம் அடித்தவன். நன்றாக அடித்தால் பன்றித்தொடை இறைச்சி, இல்லாவிட்டால் கோழி என்பது பேச்சு. நன்றாகவே அடித்தான். லட்ஸ் கோழியை எடுத்துக் கொள் என்றான். ஹாம்போன் எடுக்கவில்லை. ஒன்பதரை ஆண்டுகள், நாள் தவறாமல் அந்தக் கடை வாசலில் நின்று, பேசியபடி தனக்குரியதைத் தருமாறு கேட்கிறான். கேட்டுக் கேட்டு, அறிவு கலங்கி, அந்த ஒன்றைத் தவிர வேறு எதுவும் பேசத் தெரியாதவனாகிறான். பைத்தியக்காரன் என்கிறது ஊர். கடையில் உட்கார்ந்திருக்கும் முதியவர் ஹாலோவே, நம் எல்லோரையும்விட அவனுக்குத்தான் அறிவு அதிகமோ என்று ஐயுறுகிறார். நாமெல்லாம் கோழியை வாங்கிக் கொண்டு போனவர்கள் அல்லவா!

ஹாம்போன் இறந்து போகிறான். அவனுக்குச் சொந்தம் யார், ஊர் எது என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. நாடகத்தின் இறுதிக் காட்சியில், சிறையிலிருந்து வந்த ஸ்டெர்லிங் என்ற இளைஞன், லட்ஸ் கடைக் கண்ணாடியை உடைத்து, கையில் குருதி வழிய, அந்த இறைச்சியைக் கொண்டு வந்து வைக்கிறான், பிணப்பெட்டியில் வைப்பதற்காக. சட்டப்படி அது திருட்டு. அந்த அரங்கில் அமர்ந்திருக்கும் எவராவது அதைத் திருட்டு என்பார்களா?

'பியானோப் பாடம்' 1936இல் நிகழ்வது. அதில் வேர் ஒரு மரப்பெட்டியாகவே வந்துவிடுகிறது. ஒரு பண்ணையார் தன் மனைவிக்கு பியானோ வாங்கக் காசு இல்லாமல் ஒன்றரை அடிமைகளை மாற்றாகக் கொடுத்தான். ஒன்று தாய், அரை, அவள் சிறுவன்! விற்கப்பட்டவளின் கணவன் தச்சன். மனைவி, மகன் முகங்களையும் தன் குடியின் கதையையும் அந்த பியானோவின் மரத்தில் செதுக்கினான். கொள்ளுப்பேரர்கள் காலத்தில், அதை விற்று முன்னோர் அடிமைப்பட்ட அதே நிலத்தை வாங்கலாம் என்கிறான் தம்பி; விற்கக் கூடாது என்கிறாள் அக்காள். வழக்கு இரு பக்கமும் நியாயமானது. ஆனால் வில்சன் அதைப் பேயை வரவழைத்துத் தீர்க்கிறார். நமக்கு அது உவப்பாயில்லை. மனிதர் இருவர் எதிர் எதிரே நின்று முடிக்க வேண்டிய வழக்கை ஆவி வந்து முடிப்பது, நாடகத்தின் கடைசி அரை மணியைக் கெடுத்துவிட்டது.

பேயை ஏற்காத நாம், எஸ்தர் பாட்டியை மட்டும் எப்படி ஏற்கிறோம் என்று கேட்கலாம். வைலி அவென்யூ 1839ஆம் எண் வீட்டில் வாழும் கிழவி. 1904இல் நிகழும் நாடகத்தில் அவளுக்கு வயது 285. 1985இல் நிகழும் நாடகத்தில் 366 வயதில் இறக்கிறாள். நகைக்க வேண்டாம், கணக்குப் போடுங்கள். இரண்டு கணக்கும் 1619இல் போய் நிற்கும். வர்ஜீனியாக் கரையில் முதல் ஆப்பிரிக்கர்களை விற்பனைக்கு இறக்கிய ஆண்டு அது. அவள் தெய்வம் அல்லள். ஓர் இனத்தின் வயது. துன்பம் தாங்காதவர்கள் அவளிடம் செல்கிறார்கள். அவள் நேர்த்திக்கடன் கேட்பதில்லை; உண்டியல் வைப்பதில்லை. 20 டாலரை ஆற்றில் எறி என்று மட்டும் சொல்கிறாள். பணம் அவள் கைக்கு வருவதே இல்லை! இதற்கு எதிராக 'இரு ரயில்களில்' வேறொருவனையும் வைத்திருக்கிறார் வில்சன். தீர்க்கதரிசி சாமுவேல் என்ற சமயவாணிகன். செத்துக் கிடக்கிறான், விரல்களில் வைரம், கையில் நூறு டாலர்த் தாள்கள். அவன் தலையைத் தடவினால் அதிர்ஷ்டம் என்று மக்கள் தெருக்கோடி வரை வரிசையில் நிற்கிறார்கள். இடிக்கப் போகும் தெருவில், பிணத்தின் தலையைத் தடவ வரிசை! அந்தக் காட்சியை எழுதியவருக்கு மூடநம்பிக்கை எது, நினைவு எது என்ற வேறுபாடு தெரியாமல் இல்லை.

1904 நாடகமாகிய 'ஆழியின் மணி'யில் எஸ்தர் செய்யும் செயல் ஒன்று நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. தன்னை விற்ற சீட்டை அவள் எடுக்கிறாள். அதைக் குழந்தை மடிப்பது போலக் கப்பலாக மடிக்கிறாள். குற்றவுணர்வால் வெந்து வந்த ஓர் இளைஞனை, அந்தக் காகிதக் கப்பலைக் கையில் கொடுத்து, கடலில் மாண்ட முன்னோரிடம் கற்பனையில் அனுப்புகிறாள். மனிதனைச் சரக்காக்கிய தாள், மனிதனை மனிதனிடம் கொண்டு சேர்க்கும் கலமாகிறது.

கடைசி நாடகம் 'ரேடியோ கோல்ஃப்'. வில்சன் 2005இல் இறந்தார். அதே ஆண்டில் அரங்கேறியது. காலம் 1997. இப்போது இடிக்க வருபவர் வெள்ளையர் மட்டும் அல்லர். ஹார்மண்ட் வில்க்ஸ் கருப்பினச் செல்வன். நகரத் தலைவர் தேர்தலில் நிற்கப் போகிறவன். குன்றில் அடுக்குமாடியும் பேரங்காடியும் காப்பிக் கடையும் எழுப்பத் திட்டம். அதற்கு அரசுப் பணம் வர வேண்டுமானால் குன்று நோய் பிடித்த பகுதி என்று நகராட்சி அறிவிக்க வேண்டும். அதே சொல்! அந்த அறிவிப்புக்காக இவர்களே ஆவலோடு காத்திருக்கிறார்கள். குறுக்கே நிற்பது 1839ஆம் எண் வீடு. ஒரு கிழவன் அது என் வீடு என்று வந்து வண்ணம் அடிக்கத் தொடங்குகிறான். பத்திரத்தைத் தோண்டினால், வில்க்ஸின் கைக்கு அது முறையாக வரவில்லை என்பது தெரிகிறது. மேலும் தோண்டினால், கிழவன் அவனுக்கே உறவினன். இவர்கள் காத்துக் கிடந்த தாளே இவர்களுக்கு எதிராகச் சான்று சொல்கிறது.

இந்த நாடகத்தில் உரையாடல் முன்னவற்றைப் போலச் செழிப்பாக இல்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து பேசுவோருக்கு உணவுக்கடை மொழி வருமா? வில்சன் வேண்டுமென்றே அப்படி எழுதினார் என்பர் சிலர். இருக்கலாம், கேட்கும் செவிக்கு வறட்சி வறட்சிதான். ஆனால் பொருளில் இது கூர்மையானது. தன் இனத்தான் பதவிக்கு வந்தால் தன் தெரு தப்பிவிடும் என்ற நம்பிக்கையை இது சோதித்துப் பார்க்கிறது. வில்க்ஸ் முடிவில் தேர்தலையும் பங்குகளையும் இழந்து, வண்ணம் அடிப்பவர்களோடு சேரப் போகிறான். வீடு தப்பியதா? நாடகம் சொல்லவில்லை. உண்மைக் குன்றில், பல ஆண்டுக் கோரிக்கைக்குப் பின் 2013இல் ஒரு பேரங்காடி திறந்தது. 2019இல் அதை மூடினார்கள்.

குறை ஒன்று சொல்லியாக வேண்டும். குன்று நாடகங்களில் ஆண்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள். பெண்கள் நின்று பரிமாறுகிறார்கள். 'இரு ரயில்களில்' ரைஸா என்ற பணிப்பெண் ஆண்களின் பார்வை தன் உடலை மேய்வதைத் தாங்காமல், தன் கால்களைத் தானே கத்தியால் கீறிக் கொண்டவள். எவ்வளவு பெரிய எதிர்ப்பு! ஆனால் அதைப் பற்றியும் ஆண்களே நீண்ட நேரம் பேசுகிறார்கள். அவள் காப்பி ஊற்றுகிறாள். எஸ்தர் உண்டு என்பார்கள். உண்டு, ஆனால் அவளுக்கு முந்நூறு வயது ஆக வேண்டியிருக்கிறதே, பேச உரிமை கிடைக்க!

இக்குறை நமக்கு உறுத்துவதற்குக் காரணம், வில்சனே சொல்லியுள்ள ஒரு செய்தி. அவருடைய தாய் டெய்சி, வானொலிப் போட்டி ஒன்றில் புதிய சலவை இயந்திரத்தை வென்றார். வென்றவர் கருப்பினப் பெண் என்று தெரிந்ததும், யாரோ பயன்படுத்திக் கழித்த பழைய இயந்திரத்துக்குச் சீட்டுத் தருகிறோம் என்றார்கள். ஆறு பிள்ளைகளின் துணியைக் கையால் துவைத்துக் கொண்டிருந்தவர் அவர். வாங்கிக் கொள், இருப்பதே மேல் என்றனர் தோழியர். அவர் மறுத்தார். காசு சேர்த்து, புதியதே வாங்கும் வரை கையாலேயே துவைத்தார். ஹாம்போனின் விதை அந்தச் சலவைத் தொட்டியில்தான் விழுந்தது என்று நமக்குத் தோன்றுகிறது. அப்படியானால், கோழியை மறுத்த அந்தப் பாத்திரம் ஏன் ஓர் ஆணாக மேடைக்கு வந்தது? டெய்சி வில்சன் அறிவு கலங்கவில்லையே! மறுத்தார், வாழ்ந்தும் காட்டினார். அந்தப் பெண்ணை மேடையில் காணும் பேறு நமக்குக் கிட்டவில்லை. அவர் பிள்ளைகளோடு வாழ்ந்த பெட்ஃபோர்ட் அவென்யூ 1727ஆம் எண் வீடு பாழடைந்து கிடந்து, செப்பனிடப்பட்டு, 2022இல் கலையகமாகத் திறக்கப்பட்டது.

இவற்றுள் ஒன்றைத் தமிழில் நடிக்க எண்ணும் குழுவினர் 'ஓடும் இரு ரயில்க'ளை எடுக்கலாம். நடிகர் எழுவர், அரங்கு ஒன்றே, மேசை நான்கு, ஒரு காப்பிக் கொதிகலம் இருந்தால் போதும். ஹாம்போன் பேசும் சொற்கள் மிகச் சில. ஆதலால் அந்த வேடத்தைப் புதியவரிடம் கொடுத்துவிட வேண்டாம், குழுவிலேயே சிறந்தவருக்குக் கொடுங்கள். ரைஸா பேசாமல் நின்று கேட்கும் இடங்களில், விளக்கைச் சற்று அவள் பக்கமும் திருப்பி வையுங்கள்.